ஒரு கரை ஓட்டம், ஒரு கரை நடை

நேற்றுக் காலை வண்டியூர் தெப்பக்குளத்தில் ஒரு கரையை நிற்காமல் ஓடி முடித்தேன். ஏறக்குறைய 300 மீட்டர். போன வருடம் 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, குளித்த கையோடு பிள்ளைகளுக்குத் தோசை வார்த்தவள் நான். அப்போதெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று அந்த 300 மீட்டருக்காக அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒரு கரை ஓடிட்டேன்மா."

"சரி சரி. பிரண்டைத் துவையல் இருக்கா, தீந்துபோச்சா?"

வலி வந்த இடம் வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால். ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வாரம் 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் மூன்றே வாரத்தில் 45-க்குப் போனேன். முதலில் ஓடும்போது மட்டும் வலித்தது. அப்புறம் ஓடி முடித்த பிறகும் வலித்தது. கடைசியில் வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்கவே முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. சுளுக்கு என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்றதும் நான் பாட்டுக்கு இன்னும் பத்து நாள் ஓடினேன். எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது.

இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேக்குப் பெரும்பாலும் பிடிபடாதாம். 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயே 1895-ல்தான் வந்தது. அவருக்கு எலும்பைப் பார்க்க வழியில்லை. எனக்கு வழியிருந்தும், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவளாக இருந்தும், புத்தி வரவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு விஷயம் சொன்னார். சுமை கூடும்போது எலும்பு முதலில் தேய்ந்த பகுதியைக் கரைத்து எடுக்கும், அதற்கு அப்புறம்தான் புதிதாக நிரப்பும். எடுப்பது வாரக் கணக்கு, நிரப்புவது மாதக் கணக்கு. கொத்தனார் சுவரைக் கொத்திப் போட்டுவிட்டுப் பூச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் அதன் மேல் மாடி கட்டப் போயிருக்கிறேன்.

ஆறு வாரம் பிளாஸ்டிக் பூட். அது ஒரு காலை உயர்த்திவிடுவதால் இடுப்பு வலித்தது. மற்ற காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டுச் சமாளித்தேன். வைட்டமின் டி பார்த்தால் வெறும் 14, ரொம்பக் குறைவு. பெரியம்மா புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார், சித்தப்பா வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். கையெல்லாம் அரிக்க அரிக்கப் பிரண்டை ஆய்ந்தது அம்மா. எலும்பைக் கூட்டியது பிரண்டையா பூட்டா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

பூட்டைக் கழற்றிய அன்று கெண்டைக்காலைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அவ்வளவு இளைத்திருந்தது. பால் பொங்குவதற்குள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குவேன். முக்கால் மணி நேரம் வலியில்லாமல் நடக்க வேண்டும், ஒற்றைக் காலில் வலியில்லாமல் குதிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஓட்டம் என்றார் பிசியோ. ஆரம்பம்: ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, ஐந்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள்.

கஷ்டம் அந்த ஒரு நிமிடத்தில் இல்லை, அது முடிந்ததும் நிற்பதில்தான். வீட்டில் சைக்கிள் மிதித்து மூச்சை ஓரளவு காப்பாற்றி வைத்திருந்தேன். அதனால் நெஞ்சு "இன்னும் போ" என்கிறது. எலும்புக்கு வாய் இல்லை. அது சொல்லும்போது காலம் கடந்திருக்கும். அரைக் கரையில் நான் நின்றதும், தினமும் எதிர்ப்படும் பெரியவர் ஒருவர், "என்னம்மா, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்றார். "இல்லய்யா, நேரம் முடிஞ்சிருச்சு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குளம் வறண்டு கிடந்த காலத்தில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது தண்ணீர் நிற்கிறது, காற்றும் குளிர்ச்சியாக வருகிறது.

மூன்றாவது வாரம் ஒருநாள் அதே இடத்தில் சுருக்கென்றது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தசை வலி பரவலாக இருக்கும், எலும்பு வலியை ஒரு விரல் நுனியால் காட்டலாம் என்பார்கள். ஷூவைக் கழற்றி அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. மறுபடி மாட்டிக் கயிற்றை இழுத்தேன், சுருக். சனியன், கயிறுதான். அந்த இடத்தில் ஒரு துளையை விட்டுவிட்டுக் கோத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் மனதுக்குள் எம்.ஆர்.ஐ. வரைக்கும் போய்த் திரும்பியிருந்தேன்.

இப்போது ஒரு கரை ஓட்டம், ஒரு கரை நடை. இரவிலோ மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போதோ வலித்தால் பழையபடி அரைக் கரை. இன்று காலை வலிக்கவில்லை. இன்று ஓட்டமில்லாத நாள் வேறு. ஷூவை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன், கண்ணில் பட்டால் கால் சும்மா இருக்காது.