‘மந்தம்’ என்று நான் எழுதிய வரி

“நடக்கத் தொடங்கினது எப்ப அம்மா?” என்று கேட்டேன். தாய் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“நல்லூர்க் கொடியேத்தத்துக்கு ரெண்டு அடி வைச்சவன் ரீச்சர். தேருக்கு ஓடினவன்.”

பிள்ளை பிறந்தது ஐப்பசியில். அடுத்து வந்த ஆவணித் தேர் என்றால் பத்து மாதம், கெட்டிக்காரன். அதற்கும் அடுத்த தேர் என்றால் 22 மாதம். பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளையை டொக்டரிடம் காட்டவேண்டும் என்பது பொதுக்கணக்கு. எந்தத் தேர் என்பதில்தான் எல்லாம் இருந்தது. “கனடாவிலை இருந்து பெரியப்பா வந்த வருசம்” என்று தகப்பன் வாசலில் நின்றபடி சொன்னார். பெரியப்பா வந்த வருடத்தைக் கணக்குப் பார்த்தோம். 22 மாதம்.

விசேட கல்வி அலகில், அதாவது சாதாரண பாடசாலைக்குள்ளேயே தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான வகுப்பில், படிப்பிக்க வந்து பதினெட்டு வருடமாகிறது. வலிகாமத்தில் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலை. செம்மண், வெங்காயத் தோட்டம், மதில் ஓரம் ஒரு வேம்பு. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறை, தடுப்பூசி எல்லாம் குடும்ப நல உத்தியோகத்தர் ஒழுங்காகப் பதிந்திருப்பார். எப்போது இருந்தான், எப்போது கதைத்தான் என்று தாய் நிரப்பவேண்டிய பக்கம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். ஆகவே திருவிழாக்களை மாதங்களாக மாற்றுவதும் என் வேலையில் ஒரு பகுதி. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

ஒரு பிள்ளையைப் பரிசோதனைக்கு அனுப்பும் நடைமுறை என்று பார்த்தால் அப்படியொன்றும் சிக்கலில்லை. வகுப்பாசிரியர் கவனிக்கிறார், அதிபருக்குச் சொல்கிறார், பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கிறோம், படிவம் நிரப்புகிறோம். அது வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவுக்குப் போகும். யாழ் மாவட்டத்தில் ஐந்து வலயம், எந்த வலயத்திலும் பாதை இதுதான். இன்னொரு பக்கம் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதவேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஒரு கிளினிக் நாள் என்றால் தாய்க்கு ஒரு நாள் தோட்டக் கூலி இல்லை. மூன்றாவது தடவையோடு சிலர் போவதை விட்டுவிடுவார்கள். அக்கறை இல்லாத பெற்றோர் என்று அவர்களைச் சொல்பவர்களோடு எனக்குக் கோபம் வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் பிழையை.

அலகுக்கு வந்து மூன்றாவது வருடம். தரம் 1இல் ஒரு பையன். கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் திரும்பமாட்டான். ‘கை தட்டுங்கோ’ என்றால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவான். வார்த்தைகளில் பாதி விழுங்கிவிடுவான். எப்போதும் மூக்கு ஒழுகும். படிவத்தில் ஆசிரியரின் அவதானம் என்ற இடத்தில் நான் எழுதினேன்: ‘கிரகித்தல் மந்தம். அறிவுறுத்தல்களைப் பின்பற்றமாட்டார்.’ கையெழுத்து, திகதி, சரி.

அந்த வரி அவனுடைய பதிவுக் கோவைக்குள் போனது. அதற்குப் பிறகு அவனைப் பார்த்த எல்லோரும் முதலில் வாசித்தது அதைத்தான். எழுதியது ரீச்சர் அல்லவா? தாய்கூட நம்பிவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து, காய்ச்சலுக்குக் காட்டப்போன இடத்தில் ஒரு இளம் டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு நடுக்காதிலும் நீர். இது நோகாது, சீழ் வெளியே வராது, அதனால் ஒருவருக்கும் தெரியாது. சளி, தடிமன் கூடினால் கேட்பது குறையும், குறைந்தால் கூடும். அவன் சில நாள் திரும்பியதும் சில நாள் திரும்பாததும் அதனால்தான். கேட்டல் பரிசோதனை, மருந்து, பிறகு ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. அடுத்த தவணையே சொற்கள் முழுதாக வரத் தொடங்கின. எழுத்தில் மட்டும் கனகாலம் பின்தங்கியிருந்தான். எழுத்து பழகவேண்டிய ஒன்றரை வருடத்தை என் வரி எடுத்துக்கொண்டது.

இப்போது நான் யாரை அனுப்புவதானாலும் முதல் துண்டு காதுக்கும் கண்ணுக்கும்தான்.

படம் காட்டிப் பெயர் கேட்கும் அட்டைகளிலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தமிழ் அட்டை என்று வருபவற்றில் பல இந்தியாவில் அடித்தவை. ஒரு தடவை வெளியிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளையைச் சோதித்தார். ‘நாற்காலி எங்கே, காட்டு’ என்றார். பிள்ளை பேசாமல் இருந்தாள். அவள் இருந்துகொண்டிருந்ததே கதிரையில்தான். நாற்காலி என்ற சொல் அவள் வீட்டில் புழங்கவில்லை. பிறகு திராட்சைக் குலையின் படம். “முந்திரிகை” என்றாள். அவர் பிழை போட்டார். நான் குறுக்கிட்டேன்: “ஐயா, எங்கடை ஊரிலை அதுக்குப் பேர் முந்திரிகைதான்.” அவர் சிரித்து அழித்துவிட்டார், நல்ல மனுசன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு புள்ளி போயிருக்கும். நிறத்துக்கு ஒரு ஆரஞ்சுப்பழம் இருந்தது. அதையும் அவள் தோடம்பழம் என்றாள். அதற்குள் அவருக்கு விசயம் விளங்கிவிட்டது.

பெற்றோருக்குப் பயம் பரிசோதனையில் இல்லை, ‘அலகு’ என்ற சொல்லில். “அங்கை போட்டா ஊர் என்ன கதைக்கும் ரீச்சர்? இவன்ரை தங்கச்சிக்குப் பிறகு ஒரு சம்பந்தம் வருமே?” என்று ஒரு தாய் கேட்டார். அந்தத் தங்கச்சிக்கு அப்போது இரண்டு வயது. அம்மம்மாக்கள் இன்னும் கெட்டி. “தேப்பனும் அஞ்சு வயசிலைதான் கதைச்சவன், இவனும் கதைப்பான்” என்று முடித்துவிடுவார்கள். அவர்களோடு வாதாடக்கூடாது என்று நான் படித்துக்கொண்டேன். ஒரு கிழமை வந்து வகுப்பில் இருங்கோ என்பேன். வந்து இருந்தவர்கள் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள். பிள்ளையை எங்கள் பாடசாலை எடுக்காது என்று யாரோ வெருட்டி வந்தவர்களுக்கு மட்டும் சட்டத்தைச் சொல்வேன். இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு பார்க்கக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். முன்பு 14 ஆக இருந்ததை 2016இல் கூட்டினார்கள். சட்டத்தைச் சொன்னதும் தகப்பன்மார் நிமிர்ந்து இருப்பார்கள். தாய்மார் “அது சரி, மத்தியானம் ஆர் சோறு தீத்துறது?” என்பார்கள். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கவேண்டும்.

போன கிழமை ஒரு புதுப் படிவம். தரம் 1 பெண்பிள்ளை. அவதானம் என்ற இடத்தில் இப்போது நான் கண்டதைத்தான் எழுதுவேன், அதுவும் வீட்டாருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து. ‘இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது வேம்படியில் தனியே நின்று இலைகளை அளவுப்படி அடுக்கினார். மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அப்படி. பெயர் சொன்னால் திரும்புகிறார். முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டு நேரத்தில் முன்னால் வந்து இருந்தார்.’

தாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கோயில்லை மணி அடிச்சா காதைப் பொத்திக்கொண்டு வெளியாலை ஓடுவா ரீச்சர். அதையும் எழுதுவியளோ?”

“எந்த மணிக்கு? சின்ன மணிக்குமோ?”

யோசித்தார். “இல்லை. பெரிய காண்டாமணிக்கு மட்டும்.”

பேனையை எடுத்து அதையும் எழுதினேன்.