மண்டபம் கேம்பில் ஒரு பிளேன்டீ

ராமநாதபுரத்தில் ஏறிய பஸ்ஸில் "கேம்ப் இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் என்னோடு நாலைந்து பேர் எழுந்தார்கள். என்ன கேம்ப், யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. மண்டபம் கேம்ப் என்பது ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது.

அன்று ஜனவரி 26. ஆட்டோ ஸ்டாண்டில் கொடியேற்றம். கம்பத்தின் உச்சியில் பூவோடு மூட்டையாகக் கட்டியிருந்த கொடி, கயிற்றை எவ்வளவு இழுத்தும் அவிழவில்லை. ஒரு பையன் கம்பத்தில் ஏறப் பார்த்தான். கம்பம் சாய்ந்தது. "இறங்குடா, கம்பத்தோட வந்துருவ" என்று நாலு பேர் கத்தினார்கள். கடைசியில் கம்பத்தையே பிடுங்கிப் படுக்கவைத்து, காக்கிச்சட்டை அண்ணன் ஒருவர் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பூவெல்லாம் அவர் தலையில். மறுபடி நட்டு, சல்யூட் அடித்து, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் இரண்டு கிடைத்தது.

நான் வந்தது தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு. பத்து வயதில் தன் அப்பாவோடு கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, புறப்பட்ட தாத்தாவை இந்த மண்டபத்தில்தான் ஒரு வாரம் போல நிறுத்தி வைத்திருந்தார்கள். காலரா, அம்மை எதுவும் சிலோனுக்குள் போய்விடக் கூடாது என்பதற்கான முகாம் இது. வேடிக்கை என்னவென்றால், இந்திய மண்ணில் இருந்த இந்த முகாமை நடத்தியது சிலோன் அரசாங்கம். இரண்டு பக்கமும் ஒரே வெள்ளைக்காரன்தானே, யாருக்கு என்ன கவலை? "துணியெல்லாம் வாங்கி அவிச்சுக் கொடுத்தாங்க, ஊசி குத்துனாங்க, அப்புறம் ரயில்ல ஏத்திட்டாங்க" என்பார் தாத்தா. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். திரும்பி வந்தது 1971-ல், அதே கடல் வழியாக.

பாம்பனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், தாண்டிப் போகிறேன். ஒன்று மட்டும்: விவேகானந்தர் கொழும்பிலிருந்து வந்து பாம்பனில் கரையிறங்கியதும் ஒரு ஜனவரி 26-தான், 1897-ல். ஆனால் அரசியல் சட்டத்துக்கு அந்தத் தேதி வாய்த்ததற்குக் காரணம் வேறு. 1930 ஜனவரி 26-ஐ காங்கிரஸ் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடியது, அதனால்.

தனுஷ்கோடி போக ஷேர் வண்டிக்காரர் கேட்ட காசைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கொடுத்துவிட்டு ஏறினேன். சங்கு மாலைக் கடைகள், மீன் வறுவல் வாசனை, கூரையில்லாத தேவாலயம் எல்லாம் கடந்து அரிச்சல்முனை. சாலை முடிகிற வளைவில் ஒரு தூண், அதன் மேல் நான்கு சிங்கங்கள். அந்தச் சின்னத்தை இந்தியா ஏற்றுக்கொண்டது 1950 ஜனவரி 26 அன்று. அதற்குப் பின்னால் கடல். நீர் தாண்டி சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார்.

தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. தாத்தா, அப்பத்தா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே புத்தகத்துக்குள். அப்பத்தா பிறந்த ஊர் என்ற இடத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர். தான் பார்த்தேயிராத நாட்டுக்கு 'திரும்பி' வந்த ஆள் அவர்.

இந்தக் கரைக்குச் சுதந்திரம் 1947 ஆகஸ்ட் 15. அந்தக் கரைக்கு 1948 பிப்ரவரி 4. ஆறு மாதம்கூட வித்தியாசமில்லை. இரண்டுக்கும் சட்டம் போட்டது லண்டன் பாராளுமன்றம். அதற்கப்புறம்தான் வழி பிரிகிறது. இங்கே 1946 டிசம்பர் 9-ல் கூடிய அரசியல் நிர்ணய சபை, நடுவில் நாடு இரண்டாகி ரத்தம் ஓடியபோதும் எழுதிக்கொண்டே இருந்து, 1949 நவம்பர் 26-ல் முடித்தது. மொத்தம் 395 பிரிவுகள். அதில் எனக்குப் பிடித்தது கடைசிப் பிரிவு: 1947-ன் இந்தியச் சுதந்திரச் சட்டம் நீக்கப்படுகிறது. விடுதலை கொடுத்த சட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, இனி எங்கள் அதிகாரம் எங்களிடமிருந்தே என்று சொன்ன அந்தத் திமிர் இருக்கிறதே!

அங்கே அப்படி ஒரு சபை கூடவில்லை. பின்னால் இலங்கையின் முதல் பிரதமரான சேனநாயக்காவின் அமைச்சர்கள் வைத்த வரைவை, லண்டன் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு பார்த்துத் திருத்த, 1946-ல் அது லண்டன் அரசாணையாக வந்தது. மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். எந்த ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகச் சட்டம் போடக் கூடாது என்று 29-வது பிரிவில் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த நாட்டுக் குடிமக்கள் யார் என்று அதில் எங்கேயும் இல்லை.

இங்கே அதை எழுதிவைத்தார்கள். குடியுரிமைப் பிரிவுகளையும் இன்னும் சிலவற்றையும் ஜனவரி வரைகூடக் காக்க வைக்காமல் நவம்பர் 26 அன்றே அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அந்த வெற்றிடத்தை 1948-லேயே ஒரு சாதாரணச் சட்டம் நிரப்பியது. அப்பாவோ, இல்லை தாத்தாவும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபித்தால் குடிமகன். தோட்டத்து லயத்தில், அந்த வரிசைவீட்டு அறையில், பிறந்தவனுக்கு எவன் சர்டிபிகேட் எழுதி வைத்தான்? அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1947-ல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் உட்பட, இலங்கை இந்தியக் காங்கிரஸ் கட்சியிலிருந்து தோட்ட மக்களின் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1952-ல் அந்தக் கட்சியிலிருந்து ஒருவரும் போகவில்லை. கோடக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி, 29-வது பிரிவைக் காட்டி வழக்காடினார். சுதந்திர நாட்டு வழக்கு கடைசி மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போனது. 1953-ல் அவர்கள் தள்ளிவிட்டார்கள். அதற்கு நாலு வருஷம் முன்பே இந்தியா அந்தக் கவுன்சிலுக்குக் கும்பிடு போட்டு விலகியிருந்தது.

சரி, நம் பெருமையை ரொம்பவும் பேசக் கூடாது. நம் நிர்ணய சபைக்கு ஆள் அனுப்பிய மாகாணச் சபைகளுக்கு ஓட்டுப் போட்டவர்கள் சொத்தும் படிப்பும் உள்ள கொஞ்சம் பேர். இலங்கையிலோ 1931-லேயே ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் நிபந்தனைகள் இருந்தன. அதையும் மீறி தாத்தா 1947-ல் ஓட்டுப் போட்டிருக்கிறார். அடுத்த ஓட்டு போட அவருக்கு இருபத்து நாலு வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவும் வேறு நாட்டில்.

1964 அக்டோபர் 30. நாடில்லாமல் நின்ற தோட்ட மக்களைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும், கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எட்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயல் தனுஷ்கோடித் துறைமுகத்தையே கொண்டுபோய்விட்டது. அதனால் திரும்பி வந்தவர்களைக் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. தாத்தா வாழ்ந்த காலம் வரை மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தார். அங்கே அவர் பெயர் 'சிலோன்காரர்'.

சாயங்காலம் மண்டபம் திரும்பினேன். பழைய முகாமில் இப்போது இருப்பது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். பக்கத்து டீக்கடையில் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. "பால் டீயா, பிளேன்டீயா தம்பி?" என்றார். அந்தச் சொல்லை வீட்டுக்கு வெளியே கேட்டு எத்தனை வருஷம்!

"நீங்க மலையகமாக்கா?"

"பொறந்தது வவுனியா. அப்பா தோட்டத்து ஆளு. தொண்ணூறுல போட்ல வந்தோம்."

"ஓட்டு இருக்கா?"

"ஆதார் இருக்கு, ரேஷன் இருக்கு. ஓட்டு இல்ல." கேட்லியைச் சாய்த்து டம்ளரை நிரப்பினார். "ஏன், நீங்க எந்தக் கட்சி?"

"அதெல்லாம் இல்லக்கா. எங்க தாத்தாவும் அங்கதான்."

காலையில் முடிச்சை அவிழ்த்த ஆட்டோக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலரில் இன்னும் ஒரு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என் டம்ளரில் சீனி போடவில்லை. மறந்துவிட்டாரோ என்று பார்த்தால், ஸ்பூனை என் பக்கம் நீட்டி, "கையை நீட்டுங்க" என்றார். தாத்தாவும் அப்படித்தான் குடிப்பார், உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே. நீட்டினேன்.