85 டிகிரின்னு காட்டினா அது சூடு இல்ல

நாட்டுக்கோழி முட்டை பொரிக்க ஒரு இன்குபேட்டர் பெட்டி செஞ்சேன். ஆர்டுயினோ ஊனோ (கோடு எழுதி ஓட்டுற சின்ன போர்டு), ரிலே (பல்பை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்), சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு, ஒயரோட வர்ற டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். உள்ள 37.5 டிகிரி நிக்கணும், அவ்ளோதான். முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி காலிப் பெட்டிய ஓட்டிப் பாத்தேன்.

முதல்ல சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புற ரீடிங்கை கம்ப்யூட்டர்ல காட்டுற விண்டோ) -127 மட்டும்தான் வந்துச்சு. இந்தச் சென்சார் அளக்குறதே -55ல இருந்து 125 வரைக்கும்தான், அப்ப -127ங்கறது சென்சார் குடுத்த நம்பரே இல்ல, "சென்சார் பதிலே பேசல"ன்னு லைப்ரரி (சென்சாரைப் படிக்கிற ரெடிமேட் கோடு) சொல்றது. மல்டிமீட்டர்ல டேட்டா ஒயரைப் பாத்தா சும்மா இருக்கும்போது 5 வோல்ட் கிட்ட இருக்கணும், அங்க ஏதோ சில்லறை வோல்ட்டேஜ். டேட்டாவுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7கே ரெசிஸ்டர் வேணும், வெறும் ப்ரோப் (ஒயர் வச்ச சென்சார்) வாங்கினா அதோட சேர்ந்து ரெசிஸ்டர் வராது. போட்டேன், 31.25 வந்துடுச்சு.

தலைவலி அப்புறம்தான். பல்பு எரிஞ்சதும் டக்குனு 85, "ரொம்ப சூடு"ன்னு கோடு பல்பை அணைச்சிடும், அடுத்த ரீடிங் 34, மறுபடி பல்பு, மறுபடி 85, ரிலே டக்டக்னு அடிச்சிட்டே இருக்கு. 85ங்கறது இந்தச் சிப்புக்கு கரண்ட் வந்ததும் உள்ள இருக்கிற ஆரம்ப மதிப்பு. செக்சம் (டேட்டா கெடாம வந்துச்சான்னு பாக்குற எண்) கூட சரியா இருக்கும்ங்கறதால லைப்ரரி தடுக்கல. 12 பிட்டுல (முழு துல்லியத்துல) அளந்து முடிக்க 750 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆகும், கரண்ட் வந்ததும் முதல் தடவை அளக்கும்போது அதுக்குள்ள படிச்சாலும் 85 வரும், ஆனா என் கோடு முழுசா காத்திருந்துதான் படிச்சுது. சரின்னு ரிலேவ கழட்டி விட்டு ஓட்டினேன், 85 வரவே இல்ல! ரிலே காயில் அதே யூஎஸ்பி 5 வோல்ட்டை இழுக்கும்போது வோல்ட்டேஜ் இறங்கி சென்சார் ரீசெட் ஆகுது.

ரிலேவுக்கு தனி 5 வோல்ட் அடாப்டர் குடுத்து கிரவுண்டை மட்டும் சேர்த்தேன், சென்சார் கிட்ட சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. அதோட 85 போச்சு. (ஒயர் கலரை நம்பாதீங்க, ப்ரோப்புக்கு ப்ரோப் மாறும்.)

கோடுலயும் ஒண்ணு சேர்த்தேன், -127ஓ 85ஓ வந்தா அந்த ரீடிங்கை எடுத்துக்காது, தொடர்ந்து அஞ்சு தடவை வந்தா பல்பை அணைச்சு பஸ்ஸர் அடிக்கும். ஏன்னா 85 வந்தா பல்பு அணையும், குளிருதேன்னு போயிடும், ஆனா ஓடிட்டிருக்கும்போது ஒயர் அறுந்து -127 வந்தா பல்பு அணையவே அணையாது, முட்டை அவிஞ்சிடும்.