"எங்க லிமிட் இல்ல சார்"

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் திரும்பும்போது ஹாரிஸ்மித் பக்கம் பெட்ரோல் போட்டுவிட்டு, காரை ஓரமாக நிறுத்திக் காபி குடிக்கப் போனோம். ரிமோட்டை அழுத்தினேன், பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பூட்டவில்லை. ரிமோட் சிக்னலைத் தடுக்கும் ஜாமரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல் நிற்கும் ஆட்கள் இந்த ஊரில் உண்டு, நாம் பட்டனை அமுக்கும் அதே நேரத்தில் அவர்களும் ஒன்றை அமுக்குவார்கள், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்காதவன் முட்டாள் (நான்தான்). லேப்டாப் பை போனது வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. "அது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், அங்கே போய்க் கொடுங்கள்." வான் ரீனன் கணவாய் ஏறி ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அப்புறம் திரும்ப அதே தூரம்.

எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. நம்மூரில் அப்பா ரயிலில் பையைத் தொலைத்தபோது நான் கூடவே அலைந்தவன். "எங்க லிமிட் இல்ல சார்" என்று ஒருவர், அடுத்த ஸ்டேஷனில் "பை எந்த ஊர் தாண்டும்போது போச்சு?" என்று இன்னொருவர். தூங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்?

இதற்குத்தான் இந்தியாவில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று இருக்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும், புகார் வரும் ஸ்டேஷன் அதைப் பூஜ்ஜியம் என்ற எண்ணில் பதிவு செய்து, குற்றம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அந்த ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும், அங்கே அதற்கு வழக்கமான எண் விழும். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்முறைச் சம்பவத்துக்குப் பின் வந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து இந்தப் பேச்சு பரவியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் நடந்த பகுதி எதுவானாலும் தகவல் கொடுக்கலாம் என்று நேராகவே சொல்லிவிட்டது. நகலும் இலவசம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதுவும் நகராவிட்டால் மாஜிஸ்திரேட்.

ஆனால் பதிவானால் மட்டும் போதாது. மணிப்பூரில் 2023 மே 4 அன்று பெண்களுக்கு நடந்த கொடுமைக்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். மே 18இலேயே போடப்பட்டது, அந்தக் காகிதம் உரிய ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததோ ஜூன் 21. முதல் கைது, வீடியோ வெளியான பிறகு ஜூலையில். கொலையோ பாலியல் குற்றமோ என்றால் தடயம் இத்தனை நாள் காத்திருக்குமா? எல்லை என்பது போலீஸுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளப் போட்ட கோடு, அதைத் தாண்டிக் காகிதத்தைக் கொண்டுபோவதும் அவர்கள் வேலைதான். அடிபட்டவனை ஏன் அலையவிட வேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஒரு விஷயம்: ஆன்லைனில் புகார் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். டர்பனிலிருந்து இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேர்வதற்குள்... சரி, ஊரிலிருக்கும் யாராவது ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுப்பதே நல்லது.

என் கதைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை, தமிழ் அரைகுறையாகத்தான் வரும், ஆனால் இந்த ஊர் நெளிவுசுளிவு எல்லாம் அத்துப்படி. "எந்த ஸ்டேஷன்லயும் கேஸ் ஓபன் பண்ணலாம் தம்பி, டாக்கெட்ட, அதான் கேஸ் ஃபைல, அவங்கதான் அனுப்பணும். கேஸ் நம்பர் வாங்காம வெளிய வராத. முடியாதுன்னா ஸ்டேஷன் கமாண்டரைக் கேளு" என்றார். மறுபடி போனேன், கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன், குரல்கூட உயர்த்தவில்லை. பேனா வந்தது. வாக்குமூலம் எழுதி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் கேஸ் நம்பர் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது. அடுத்த வாரம் டாக்கெட் ஹாரிஸ்மித்துக்குப் போய்விட்டதாக இன்னொன்று. லேப்டாப் இன்னும் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர் கேட்டது அந்த நம்பரை மட்டும்தான்.