சீருடையைக் கழற்றிய பிறகு 54 ஆண்டுகள்: நினைவுமலர் வேலைக் குறிப்புகள்

ஜூன் 3

மறைந்த ஒரு முன்னாள் ராணுவ வீரருக்குக் குடும்பம் வெளியிடும் 16 பக்க நினைவுமலர் இது. முதலில் ஒரு கணக்கு. பெரியவர் படையில் சேர்ந்தது 18 வயதில், ஓய்வு 38இல், மறைவு 92இல். சீருடையில் இருந்தது 20 ஆண்டு; அதைக் கழற்றிய பிறகு 54. ஆனால் பெட்டியில் கிடக்கும் காகிதங்களில் முக்கால்வாசி அந்த 20 ஆண்டுக்கானவை. ராணுவம் எல்லாவற்றையும் எழுதி வைக்கும், வீடு வைக்காது. காகிதம் இருக்கிற பக்கமே சாய்ந்தால் மலர் முழுக்க அணிவகுப்பாகிவிடும். நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக ஒடுங்குவார். 16 பக்கத்தில் ராணுவத்துக்கு 5 போதும்.

ஜூன் 4

காலவரிசைத் தாள். நான்கு கட்டங்கள்: ஆண்டு, வயது, இடம் அல்லது படைப்பிரிவு, ஆதாரம். ஆதாரக் கட்டம் காலியாக இருக்கும் வரியைப் பென்சிலில்தான் எழுத வேண்டும்.

பணிவிடுப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கலாம். படை எண், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பதவி, பதக்கங்கள் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் பல நாட்டுப் படைகளிலும் உண்டு. இரண்டு தேதி கிடைத்தால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவிடலாம். இணையத்தில் ஏற்றும் பதிப்பில் படை எண்ணும் முழுப் பிறந்த தேதியும் வேண்டாம். மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். அங்கும் இல்லாமல் போகலாம். 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடி பணிக்கோப்புகள் அழிந்தன. 1940இல் லண்டன் மேல் விழுந்த குண்டுகளில், முதல் உலகப்போர் பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் போயின. அந்த நிலையில் சம்பளப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு என்று சுற்றுவழியில்தான் தேட வேண்டும்.

ஜூன் 7

படங்கள். பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட பழைய ஆல்பம்தான் பெரிய வில்லன். படத்தைப் பிரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டியிருந்த வரிசையே பாதி வரலாறு. பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பதுபோல் மெல்ல இழுக்கலாம். வராவிட்டால் விட்டுவிட்டு அப்படியே ஸ்கேன் செய்வது மேல்.

ஸ்கேன் செய்ய, சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200. மூலக்கோப்பு டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வகை), பகிர்வதற்கு ஜேபெக். ஓரத்தை வெட்டக் கூடாது, ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனா ஆகாது, அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். 2பி பென்சில் நல்லது; வழவழப்பான புதுக் காகிதத்தில் அது ஒட்டாது, உறையின் மேல் எழுதிக்கொள்ளலாம்.

சீருடைப் படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: பதக்கங்கள் அணிந்தவரின் இடது மார்பில் இருக்க வேண்டும். அவரது வலது மார்பில் தெரிந்தால், சட்டைப் பொத்தான் பட்டியையும் எழுத்துகளையும் பார்க்கலாம். அவை சரியாக இருந்தால் படம் மாறவில்லை, அவர் அணிந்திருப்பது இறந்துபோன உறவினரின் பதக்கமாக இருக்கலாம். காமன்வெல்த் நாடுகளில் அந்த வழக்கம் உண்டு.

ஜூன் 9

பதக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஒரு கை எப்போதும் முன்வரும். தடுக்க வேண்டும். பாலிஷ் உலோகத்தை அரிக்கும். பல நாட்டுப் பதக்கங்களில் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும், முதலில் தேய்வது அதுதான். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பருத்திக் கையுறை, மென்மையான தூரிகை, அவ்வளவே. பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் செம்பு கலந்த உலோகத்தில் பச்சைப் பிசுக்கு படியும். ரிப்பன் வெளிச்சத்தில் வெளுக்கும்.

போர்முனையில் பணியாற்றியதற்காகத் தரும் பதக்கத்தை ‘வீரப் பதக்கம்’ என்று எழுதக் கூடாது. வீரச்செயலுக்கு என்றால் அதற்கான அறிவிப்பு தனியாக இருக்கும். பழைய தோழர்கள் முதலில் கண்டுபிடிப்பது இந்தப் பிழையைத்தான்.

ஜூன் 12

இனி வீட்டுப் பாதி. பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். பெற்றோர் கையெழுத்து இருக்கும் இடத்தில் தாயின் கையெழுத்து தொடர்ந்து வந்து, ஒரு பருவத்தில் திடீரென்று தந்தையுடையது தொடங்கினால், அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஊகிக்கலாம். கடிதங்களின் தபால் முத்திரையை வரிசைப்படுத்தினால், கடிதமே இல்லாத மாதங்கள் பெரும்பாலும் விடுமுறை. வரவுசெலவு நோட்டு, ஆணி டப்பாக்களின் மேல் அவர் எழுதிய பெயர்கள், சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்கு இட்ட கோடுகள் எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். வீட்டுக்குப் புது வண்ணம் அடிப்பதற்குள்.

ஜூன் 15

ஒலிப்பதிவு. மின்விசிறியை நிறுத்தி, போனை விமானப் பயன்முறையில் மடித்த துணிமேல் வைத்து, இரண்டு நிமிடம் சோதனை. ஒரு அமர்வு 45 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்பதோடு முடிந்துவிடும். ‘காலையில் முதலில் எழுந்தது யார்? பள்ளிக் கட்டணத்தை எந்த டப்பாவிலிருந்து எடுப்பார்? கோபம் வந்தால் பேசுவாரா, பேச்சை நிறுத்துவாரா?’ என்று கேட்டால் அரைமணி நேரம் ஓடும்.

ஜூன் 16

‘மாவீரர்’, ‘ஒப்பற்ற’, ‘தியாகச் செம்மல்’ எல்லாம் அடித்தாயிற்று. பத்தி பாதியானது, மனிதர் தெரிகிறார்.

ஜூன் 19

அச்சகம். நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வேண்டும்; 16 பக்க ஏ5 மலருக்கு ஏ4 தாள் நான்கு. படம் 5 அங்குல அகலத்தில் அச்சாக 1500 பிக்சல் தேவை. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே சேர்த்த பிடிஎஃப் மட்டுமே கொடுக்க வேண்டும். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொ, கோ, கௌ உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிப் போகும், அதுவும் பெயர்களில். மெய்ப்பு பார்க்கையில் பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள் பட்டியலைக் குடும்பத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கட்டும். அதிகம் விடுபடுவது மருமக்கள் பெயர்.