வெள்ளவத்தையில் பதிந்த கம்சாத்கா

பொதியைத் திறந்த அலுவலர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, பூமியதிர்ச்சி வரப்போகிறதென்று இது சொல்லுமா?” இல்லை, வந்த பிறகுதான் சொல்லும் என்றேன். “பிறகு எதற்கு வரி கட்டி எடுக்கிறீர்?” அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

அது ராஸ்பெர்ரி ஷேக். உள்ளங்கையளவுக் கணினியோடு, நிலத்தின் அசைவை மின்சாரமாக மாற்றும் ஜியோபோன் ஒன்றைப் பொருத்திய சிறு நிலநடுக்கமானி. எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அங்கே வைத்தால் கட்டடத்தின் ஆட்டம்தான் பதியும். தரைத்தளத்தில் படிக்கட்டின் கீழ் இடம் கேட்டு வாங்கினேன். பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார்! முதல் வாரம் முழுவதும் நான் ஆராய்ந்தது எங்கள் தொடர்மாடியின் குளியல் நேரங்களைத்தான்.

இடத்தை மாற்றியபின் கரையோர ரயிலும் காலி வீதி பஸ்களும் தெரிந்தன. அவற்றின் அடியில், நிற்காத ஒரு மெல்லிய ஊசல். அது கடல். தென்மேல் பருவக்காற்றுக் காலத்து அலைகள் சில விநாடிக்கொரு முறை நிலத்தையே தாலாட்டுகின்றன. தொல்லையாக இருக்கிறதென்று மெதுவான அலைகளையெல்லாம் வடிகட்டிவிட்டேன். கெட்டித்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

2025 ஜூலை 30 காலை, ரஷ்யாவின் கம்சாத்காவில் பெரும் நிலநடுக்கம் என்று செய்தி. ஓடிப்போய்ப் பார்த்தால் திரையில் சிறு பிசிறு மட்டும். தொலைதூர நடுக்கத்தின் வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும்; இங்கே வந்து சேர்வது பெரும்பாலும் மெதுவான அலைகள்தான். அவற்றைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

மூலப்பதிவு பத்திரமாக இருந்தது. 30ஆம் திகதிக் கோப்பைத் திறந்தேன். தொடக்கத்திலேயே பேயாட்டம், ஆனால் தலையைக் காணவில்லை. கருவி உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, அதில் நாள் மாறுவது நமக்கு அதிகாலை 5:30க்கு. நடுக்கமோ இலங்கை நேரம் 4:54க்கு. முன்னைய நாள் கோப்பில் 5:07க்கு முதல் அலை, 5:17 அளவில் இரண்டாவது. முதலாவது நெருக்கித் தள்ளியபடி விரைந்து வருவது, இரண்டாவது பக்கவாட்டில் அசைந்து பின்தங்குவது. அந்தப் பத்து நிமிட இடைவெளியை, இடைவெளிக்கேற்பத் தூரத்தைச் சொல்லும் அட்டவணையில் பார்த்தால் தூரம் கிட்டத்தட்ட 8,700 கிலோமீட்டர் என்று வந்தது.

நடுக்கத்தின் அளவு முதலில் 8.0 என்றார்கள், பிறகு 8.8 ஆக்கினார்கள். 1952இலும் அதே கரையோரத்தில் 9.0 அளவில் அதிர்ந்திருக்கிறது. பசிபிக் கடலின் அடியிலுள்ள பாறைத் தட்டு அங்கே ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வேகத்தில் கம்சாத்காவின் கீழே செருகிக்கொண்டிருக்கிறது. 73 ஆண்டுகளுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ ஆறு மீட்டர். பிடித்து இறுகிய பாறை அவ்வளவையும் சேமித்து வைத்தால் என்ன ஆகும் என்று பெருக்கியபோதுதான் உறைத்தது.

ஒரு நிலையம் தூரத்தைத்தான் தரும், திசை தெரியாது. அதனால் நிலையத்தைச் சுற்றி அந்தத் தூரத்தில் ஒரு வட்டம் வரைந்து, வட்டங்கள் வெட்டும் இடத்தைத் தேட வேண்டும். கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை நிலநடுக்க நிலையத்தின் பதிவைச் சேர்த்தேன். அது மிக அருகில் இருப்பதால் இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அலாஸ்கா, குவாம் பதிவுகளைத் தரவிறக்கி வரைந்தபோது அவை கம்சாத்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், கடலில் வெட்டிக்கொண்டன. என் வட்டம் மட்டும் சற்று விலகிப் போனது. இரண்டாவது அலை வந்த நேரத்தில் ஒரு ரயில் கடந்திருக்கிறது.