திமித்ரோ சிஷெவ்ஸ்கி: நூற்பட்டியல் வேலை எதுவரை வந்திருக்கிறது

உக்ரைனிய மெய்யியலின் வரலாற்றை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர்களில் திமித்ரோ சிஷெவ்ஸ்கிக்கு (1894–1977) முதல் வரிசையில் இடம் உண்டு. அவர் எழுதியவற்றையும் பதிப்பித்தவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்கி, அந்தந்த ஆண்டில் எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தார் என்பதைப் பக்கத்திலேயே குறிப்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட வேலை. ஓய்வு நேரத்தில் யாரும் செய்யலாம். ஒரு விரிதாள், உக்ரைனிய விசைப்பலகை, இணையத்தில் கிடைக்கும் நூலகப் பட்டியல்கள் போதும்.

விரிதாளில் ஏழு பத்திகள்: ஆண்டு, அச்சில் உள்ளபடியே தலைப்பு, அட்டையில் உள்ளபடியே பெயர், ஊர் (அன்றைய பெயரும் இன்றைய பெயரும்), மொழி, அவருடைய பங்கு (ஆசிரியரா, பதிப்பாசிரியரா, மொழிபெயர்ப்பாளரா), கடைசியாகச் சான்று. சான்றுப் பத்தியில் ‘நேரில்’ அல்லது ‘பட்டியலில்’ என்று மட்டுமே எழுத வேண்டும். தலைப்புப் பக்கத்தை ஒளிவருடலிலாவது கண்டிருந்தால்தான் ‘நேரில்’. இந்தப் பத்தியை விட்டுவிட்டால், ஒரு பட்டியலில் உள்ள பிழையை இன்னொரு பட்டியல் நகலெடுத்திருப்பது கடைசிவரை கண்ணில் படாது.

பெயரில்தான் முதல் சிக்கல். ஜெர்மன் நூல்களில் அவர் பெயர் டி-எஸ்-சி-எச் என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் சி-எச். ஸ்லாவிய ஆய்வாளர்களின் முறையில் கொக்கி போட்ட ஒற்றை ‘சி’. கொக்கியை உதிர்த்துவிடும் பட்டியல்களில் வெறும் ‘சி’. முதற்பெயரும் ஒரு நூலில் திமித்ரோ, இன்னொன்றில் திமித்ரி. எனவே ஒரே தேடலோடு நிறுத்தக் கூடாது. குறைந்தது இந்த நான்கு வடிவங்களிலும் தேட வேண்டும். பாரிஸில் வெளிவந்த ‘சவ்ரெமென்னியே ஸபிஸ்கி’ என்ற ரஷ்ய இதழில் பி. புரொகோஃபியெவ் என்ற புனைபெயரிலும் எழுதியிருக்கிறார். அதற்குத் தனித் தேடல் தேவை. ஆங்கில எழுத்தில் உள்ள ‘இஸட்-எச்’சைப் பார்த்துத் தமிழில் ‘ழ’ போடும் வழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. அங்கே உள்ள ஒலி நம் ழகரம் அல்ல, ‘ஷ’வே அதற்கு அருகில் வருகிறது.

குடும்பப்பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் அலெக்சாண்டர் சிஷெவ்ஸ்கியும் (1897–1964) சேர்ந்து வருவார். சூரியச் செயற்பாடு உயிர்களை எப்படிப் பாதிக்கிறது, காற்றில் உள்ள அயனிகள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்த வேறொருவர் அவர். தலைப்பில் சூரியனோ அயனியோ இருந்தால் அந்த வரிசையை நீக்கிவிடலாம்.

தேடியும் ஒன்றும் வராதபோது இரண்டு காரணங்களைச் சோதிக்க வேண்டும். ஒன்று, உக்ரைனிய ‘இ’ எழுத்தும் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் பார்வைக்கு ஒன்றே, ஆனால் கணினிக்கு வேறு வேறு குறியீடுகள். சொல்லின் நடுவில் ஆங்கில எழுத்து ஒன்று புகுந்தாலும் தேடல் வெறுமையாகத் திரும்பும். வேறிடத்திலிருந்து ஒட்டாமல் உக்ரைனிய விசைப்பலகையிலேயே முழுச்சொல்லையும் தட்ட வேண்டும். இரண்டு, பழைய எழுத்துமுறை. 1926இல் பிராகில் வந்த ‘உக்ரைனில் மெய்யியல்’ நூலும், 1934இல் வார்சாவில் வந்த, 18ஆம் நூற்றாண்டு உக்ரைனிய மெய்யியலாளர் ஸ்கோவொரொதா பற்றிய நூலும் மெய்யியலுக்கான சொல்லில் லகரத்துக்குப் பின் மென்குறி (முந்தைய மெய்யை மென்மையாக்கும் எழுத்து) இட்டு ‘ஃபில்யொசொஃபியா’ என்று அச்சாகியுள்ளன. இன்றைய வடிவமான ‘ஃபிலொசொஃபியா’வைத் தட்டினால் பல பட்டியல்கள் இந்த இரண்டையும் காட்டுவதில்லை. அவருடைய முக்கியமான நூல்களில் இரண்டு இப்படி விடுபடுவது சிறிய இழப்பல்ல.

பிறந்த தேதி மார்ச் 23 என்றும் ஏப்ரல் 4 என்றும் கிடைக்கும். முன்னது ஜூலியன் நாட்காட்டி, பின்னது கிரெகோரியன். 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்ட வேண்டும். 1900க்குப் பிந்தைய கணக்கான 13ஐக் கூட்டினால் ஏப்ரல் 5 என்ற தவறான தேதி வந்துவிடும்.

இனி வரிசைகள். பிறந்த ஊர் ஒலெக்சாந்திரியா. 1911 முதல் பீட்டர்ஸ்பர்கில் கணிதம், வானியல், மெய்யியல், பிறகு கீவ். 1921இல் நாட்டைவிட்டு வெளியேறி ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் மெய்யியலாளர் யாஸ்பர்ஸிடமும் ஃபிரைபுர்கில் மெய்யியலாளர் ஹுஸ்ஸெர்லிடமும் படித்தார். 1924இல் பிராகில் உக்ரைனியக் குடியேறிகளின் கல்வி நிறுவனத்தில் ஆசிரியரானார். ‘உக்ரைனில் மெய்யியல் வரலாறு பற்றிய கட்டுரைகள்’ 1931இல் அங்கேதான் வந்தது. 1932 முதல் ஜெர்மனியின் ஹாலே. 1945க்குப் பிறகு மார்புர்க், 1949 முதல் ஹார்வர்ட், 1956 முதல் இறக்கும்வரை மீண்டும் ஹைடல்பெர்க்.

ஹாலே காலத்துக்கு விரிவான குறிப்பு தேவை. அங்குள்ள ஃபிராங்கே அநாதை இல்லத்தின் நூலகத்தில்தான் 17ஆம் நூற்றாண்டுச் செக் கல்விச் சிந்தனையாளர் கொமேனியஸின் ‘கன்சுல்டாட்டியோ கத்தோலிக்கா’ என்ற பெருநூலின் கைப்பிரதியை அவர் கண்டெடுத்தார். ஏழு பகுதிகள் கொண்ட அந்த இலத்தீன் நூலின் பெரும்பகுதி தொலைந்துவிட்டதாகவே அதுவரை நினைத்திருந்தார்கள். ஆனால் நூலகப் பட்டியலின் ‘ஆசிரியர்’ புலத்தில் மட்டும் தேடுபவருக்கு இந்த நூலில் அவர் செய்த பதிப்பு வேலை கண்ணில் படாமல் போகலாம். அதன் நான்காம் பகுதியான ‘பம்பீடியா’வை இலத்தீன் மூலமும் ஜெர்மன் மொழிபெயர்ப்புமாக ஹைன்ரிஷ் கைஸ்லர், கிளாவுஸ் ஷாலர் ஆகியோருடன் சேர்ந்து 1960இல் வெளியிட்டார். பட்டியலில் அது கொமேனியஸின் பெயரில்தான் இருக்கும். ‘பதிப்பாசிரியர்’ புலத்தில் தனியாகத் தேட வேண்டும். முழுநூல் 1966இல் பிராகில் வந்தது. அது அவர் பதிப்பல்ல என்பதால் தொடர்புக் குறிப்பாக மட்டும் இருக்கட்டும்.

ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகல் பற்றிய நூல்களை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. ‘ஸ்லாவியரிடையே ஹெகல்’ ஜெர்மன் தொகுப்பு 1934இல் ரைஷன்பெர்கில் (இன்றைய லிபெரெட்ஸ்) வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1961. ‘ரஷ்யாவில் ஹெகல்’ என்ற ரஷ்ய நூல் 1939, பாரிஸ். தொகுப்பில் அவர் எழுதிய பகுதியின் பொருளும் இதுவே என்றாலும் இது தனி நூல். இதற்கெல்லாம் ஒரே வழி, படைப்புக்கு எண், பதிப்புக்கு எழுத்து என்று குறிப்பது: 12அ, 12ஆ. உக்ரைனிய இலக்கிய வரலாறும் (நியூயார்க், 1956) அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் (1975) இந்த முறையில் இரட்டித்து எண்ணப்படாமல் அமைகின்றன. ரஷ்யச் சிந்தனை வரலாற்றின் இரண்டு ஜெர்மன் தொகுதிகள் (1959, 1961) ஆங்கிலத்தில் ஒரே நூலாக 1978இல் வந்ததையும் இப்படியே குறிக்கலாம்.

மொழிப் பத்தியையும் ஊர்ப் பத்தியையும் அருகருகே வைத்து வரிசைப்படுத்தியதில்தான் இந்த வேலையின் பெரும்பயன் கிடைத்தது. உக்ரைனிய மெய்யியல் பற்றி உக்ரைனிய மொழியில் எழுதிய பெருநூல்கள் 1926க்கும் 1934க்கும் இடையே குவிகின்றன. போருக்குப் பின் இலக்கிய வரலாறு மேலோங்குகிறது. கிடைத்த பதவிகள் ஸ்லாவியத் துறைகளில் இருந்தன என்பதே இதற்கு முதன்மைக் காரணம் என்று படுகிறது. ஆர்வம் மாறிவிட்டது என்று சொல்வதற்குப் பட்டியல் இடம் தரவில்லை, கொமேனியஸும் ஸ்கோவொரொதாவும் கடைசிவரை வருகிறார்கள். ஸ்கோவொரொதா பற்றிய ஜெர்மன் நூல் 1974இல் மியூனிக்கில் வந்தது, சிஷெவ்ஸ்கிக்கு 80 வயதானபோது.

1931ஆம் ஆண்டு நூல் கீவில் மறுபதிப்பானது 1992இல்தான். மெய்யியல் எழுத்துகளின் நான்கு தொகுதிகள் 2005இல் ‘ஸ்மொலொஸ்கிப்’ வெளியீடாக வந்தன. பதிப்பித்தவர் வாசில் லிசோவி. 1972இல் சோவியத் உக்ரைனில் அறிவாளர்கள் கைதானதைக் கண்டித்துக் கடிதம் எழுதியதற்காகத் தாமே சிறைமுகாமுக்குப் போன மெய்யியலாளர். இந்தத் தொகுதிகளை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுப் பத்தியில் 2005 என்று போடக் கூடாது, மூலம் வெளிவந்த ஆண்டே வேண்டும். தலைப்பையும் பழைய அச்சின் ஒளிவருடலோடு ஒப்பிட்டே எழுத வேண்டும். ‘டயாஸ்போரியானா’ மின்நூலகத்தில் குடியேறிகளின் பல வெளியீடுகள் கிடைக்கின்றன.

நூல்களின் வரிசை ஓரளவு நிலைபெற்றுவிட்டது. அடுத்தது இதழ் மதிப்புரைகள். 60ஆம் பிறந்தநாளுக்கு 1954இல் பெர்லினில் வந்த மலரில் உள்ள எழுத்துப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, புரொகோஃபியெவ் பெயரில் வந்தவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டு முடியும்வரை அந்த வரிசைகளுக்கு எண் தராமல் கேள்விக்குறியோடு தனித்தாளில் வைத்திருப்பதே முறை.